ஜிப்சம் சுவரில் மாட்ட: தானே துளையிடும் ஆங்கரா, டாகிள் போல்ட்டா?

முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். சென்னை வீடுகளில் பெரும்பாலும் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர்தான். அங்கே டிரில்லும் ராவல் பிளக்கும் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) போதும், ஆங்கருக்கும் டாகிள் போல்ட்டுக்கும் வேலையில்லை. டொம்மென்று சத்தம் வந்தால் அது ஜிப்சம் பலகைத் தடுப்பாக இருக்கலாம்.

தானே துளையிடும் ஆங்கர் என்பது திருகாணியைப் பிடித்துக்கொள்ளப் பலகைக்குள் இறக்கும் மரையுள்ள பிடிப்பான்; இதற்கு டிரில் வேண்டாம். கூர்முனையைப் பலகையில் வைத்து, ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித் திருகினால், அகலமான மரைகள் ஜிப்சத்தைக் கவ்விக்கொண்டு இறங்கும். தலை சுவரோடு சமமானதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் அரைச்சுற்று என்று ஆசைப்பட்டால் ஜிப்சம் மாவாகி, ஆங்கர் சும்மா சுற்றும். பிடிமானம் முழுவதும் அந்த 12.5 மி.மீ. பலகையில்தானே! சுவர்க் கடிகாரம், சாமி படம், சாவி மாட்டி போன்றவற்றுக்கு இது தாராளம்.

டாகிள் போல்ட் வேறு ரகம். பெரிய துளை போட்டு, போல்ட்டில் உள்ள சிறகுகளை மடித்து உள்ளே தள்ள வேண்டும். அவை பின்புறம் விரிந்து, சுமையைப் பரவலாகத் தாங்கும். கனமான கண்ணாடிக்கு என் ஓட்டு இதற்கே. ஒரே எரிச்சல், போல்ட்டைக் கழற்றினால் சிறகு சுவருக்குள் விழுந்துவிடும்.

பாக்கெட்டில் அச்சிட்ட எடையில் நான்கில் ஒரு பங்கைத்தான் நான் கணக்கில் கொள்வேன். ஈரத்தில் ஜிப்சம் வலுவிழக்கும். ஐப்பசி மழையில் கசியும் சுவரென்றால் இரண்டுமே வேண்டாம். ஃபால்ஸ் சீலிங்கில் மின்விசிறியா? அது மேலேயுள்ள கான்கிரீட் கொக்கியில்தான் தொங்க வேண்டும்.