ஃப்ளையிங் கிளவுட் மரக் கப்பல்: எட்டு வருட அனுபவம்

2017 ஜனவரியில் வாங்கிய பெட்டி இது. ‘ஃப்ளையிங் கிளவுட்’ என்ற அமெரிக்கப் பாய்மரக் கப்பலை வீட்டிலேயே சிறிய அளவில் கட்டிக்கொள்வதற்கான மரப்பட்டைகள், நூல் உருண்டைகள், செப்புத் தகடு, பெரிய பெரிய வரைபடங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. தபால், சுங்க வரி சேர்த்து 28,000 ரூபாய் ஆனது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் என்று உட்கார்ந்து 2021 ஆகஸ்டில் முடித்தேன். அதற்கப்புறம் ஒரு வீடு மாறியாகிவிட்டது, ஒரு தடவை உடைந்து சரிசெய்தும் ஆகிவிட்டது. இவ்வளவும் நடந்த பிறகுதான் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அளவுதான். இது 96-இல் ஒரு பங்கு. அசல் கப்பலின் நீளம் 229 அடி, அகலம் கிட்டத்தட்ட 41 அடி. மேஜைமேல் உடல் மட்டும் 73 சென்டிமீட்டர் வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் மூன்றடிக்குப் பக்கம். அலமாரித் தட்டில் வைத்துவிடலாம் என்று நினைத்து வாங்கியவன் நான். கடைசியில் தனி மேஜை செய்ய வேண்டியிருந்தது.

முதல் வருடம் முழுக்க உடல்தான். விலா எலும்பு மாதிரியான சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் பட்டைகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் பட்டை வளைகிறது. சாதாரணப் படகென்றால் முன்பக்கம் வெளியே உப்பியிருக்கும். இதில் தண்ணீர் தொடும் இடத்தில் அணியம் உள்ளே குழிந்து, கத்திமுனை போல ஒடுங்கிப் போகிறது. பட்டையை ஒரே நேரத்தில் வளைக்கவும் முறுக்கவும் வேண்டும். பதினொரு பட்டைகள் உடைந்தன. வேகத்துக்காகவே கட்டிய பாய்மரக் கப்பலைக் ‘கிளிப்பர்’ என்பார்கள்; பன்னிரண்டாவதை ஒட்டிவிட்டு விரலால் தடவிப் பார்த்தபோதுதான் எதை அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது. அலையை மோதி ஏறுவதற்குச் செய்த முகம் இல்லை இது, அறுத்துக்கொண்டு போவதற்குச் செய்தது.

செய்தவர் டொனால்ட் மக்கே, பாஸ்டனின் கிழக்குக் கரையில் கப்பல் தளம் வைத்திருந்தவர். 1851 ஏப்ரல் 15-இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. ஈனக் டிரெய்ன் என்பவர் தனக்காகக் கட்டச் சொன்னது. நியூயார்க்கின் கிரின்னெல், மின்டர்ன் நிறுவனம் 90,000 டாலர் தருவதாகச் சொன்னதும் விற்றுவிட்டார். அந்த விலைக்குக் காரணம் கலிஃபோர்னியாவின் தங்கம். 1848-இல் அங்கே தங்கம் கிடைத்த பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் மாவிலிருந்து மண்வெட்டி வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கண்டத்தைக் கடக்க ரயில் இல்லை, பனாமாவில் கால்வாய் இல்லை. நியூயார்க்கிலிருந்து சரக்கு போக வேண்டுமானால் தென்னமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைச் சுற்றிக் கடலில் சுமார் 15,000 மைல் போக வேண்டும். 1850-இல் ‘சீ விட்ச்’ 97 நாளில் போனதையே பெரிய அதிசயமாகப் பேசினார்கள். பல கப்பல்களுக்கு ஆறு மாதம் கூட ஆனது.

பெட்டியின் தரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளடுக்கு மரம் அருமை. வெளியடுக்குக்குக் கொடுத்த வால்நட் பட்டை காய்ந்து நொறுங்கிக்கொண்டே இருந்தது, கால்வாசி வீண். கப்பிகள் ஒவ்வொன்றும் உளுந்தளவு, துளை சுத்தமாகப் போட்டிருந்தார்கள். அணியத்தில் வைக்கும் சிற்பம் எக்காளம் ஊதும் தேவதை. அதை உலோகத்தில் வார்த்துக் கொடுத்திருந்தார்கள், எக்காளம் மட்டும் வளைந்து வந்தது. அடிப்பாகத்தில் ஒட்டும் செப்புத் தகடு உப்புக் காற்றில் இரண்டே வருடத்தில் பழுப்பேறிவிட்டது. நிறையப் பேர் வார்னிஷ் அடித்துப் பளபளப்பைக் காப்பாற்றுகிறார்கள். நான் அடிக்கவில்லை. மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் அண்டாமல் இருக்கத்தான் அசல் கப்பலுக்குச் செம்பு போர்த்தினார்கள். கடலுக்குப் போன செம்பு புதுப் பாத்திரம் மாதிரி மின்னாது.

மூன்றாம் வருடத்திலிருந்து பாய்மரங்களும் கயிறுகளும். மூன்று பாய்மரம். ஒவ்வொன்றும் ஒரே மரம் இல்லை, ஒன்றின் தலையில் இன்னொன்று என்று அடுக்கி நிறுத்தியவை. அவற்றுக்குக் குறுக்கே பாயைத் தொங்கவிடும் மரங்களைத் தோணியில் போன எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பருமல் என்பார்கள். ஃப்ளையிங் கிளவுடின் பெரிய பருமல் 82 அடி; என் மேஜையில் 26 சென்டிமீட்டர். அளவு பார்க்க ஒரு ஆளைச் செய்து அதன்மேல் உட்கார வைத்தேன். நிலக்கடலையை விடக் கொஞ்சம் பெரிய ஆள். அவனுக்குக் கீழே தெரிந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்த நேரத்தில்தான் கப்பலின் முதல் பயணத்து நாட்குறிப்பைத் தேடிப் படித்தேன். 1851 ஜூன் 2-இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஜூன் 6-ஆம் தேதியே பெரிய பாய்மரத்திலும் பின் பாய்மரத்திலும் மேலடுக்கு மரங்கள் முறிந்து விழுந்துவிட்டன, ஒரு பருமலும் போய்விட்டது. வேறு கேப்டனாக இருந்தால் ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கியிருப்பார். ஜோசையா கிரீஸி ஒதுங்கவில்லை. மறுநாளே புது மரங்களை ஏற்றினார்கள், ஜூன் 8-இல் பருமலும் ஏறியது, இருக்கிற பாயெல்லாம் விரிந்தன. இந்த வேலைகளை என் மேஜையில் செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அவர்கள் ஆடுகிற கப்பலில், காற்று பிடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு நாளில் செய்தார்கள்.

ஜூன் 14-இல் இன்னொரு கண்டுபிடிப்பு: பெரிய பாய்மரமே உச்சிக்கு ஓரடி கீழே விரிசல் விட்டிருந்தது. எலும்பு முறிந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அதே மாதிரி மரத்தைச் சுற்றிப் பத்தை கொடுத்து இறுக்கிக் கட்டி, அதோடுதான் கேப் ஹார்ன் வரை போனார்கள். ஜூலையில் அங்கே குளிர்காலம். ஜூலை 12-இல் எதிர்க்காற்றில் முழு நாளும் ஓடியது வெறும் 40 மைல். அதற்குள் மாலுமிகள் இரண்டு பேர் தங்கள் படுக்கைக்குக் கீழே பக்கப் பலகையைத் துளைத்துத் தண்ணீர் புக விட்டிருந்தார்கள். விலங்கு போட்டு வைத்திருந்தவர்களைப் புயலில் ஆள் போதாமல் 13-ஆம் தேதி கேப்டனே அவிழ்த்துவிட்டார். 23-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, ஐந்து மைல் தூரத்தில், கரையெல்லாம் பனி மூடிய கேப் ஹார்னைக் கடந்தார்கள்.

அப்புறம் ஜூலை 31. ஒரே நாளில் 374 மைல். அந்தக் காலத்தில் வேகம் பார்க்கிற முறையைச் சொன்னால்தான் அந்த நாளின் அருமை தெரியும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டு, நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுகிறதோ அதுவே வேகம். நாம் இன்றும் கப்பல் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சிலிருந்து வந்தது. அன்றைக்கு 18 முடிச்சுவரை இருந்த கயிறு போதவில்லை என்று கேப்டன் எழுதியிருக்கிறார். கயிறு முழுவதும் ஓடித் தீர்ந்திருக்கிறது, மணல் தீரவில்லை.

ஆகஸ்ட் 31-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நங்கூரம். 89 நாள் 21 மணி நேரம். கரை சேர இரண்டு நாள் இருக்கும்போது முன் பாய்மரத்து மேல்மரமும் முறிந்து, அதையும் மாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

2022-இல் நாங்கள் வீடு மாறினோம். கண்ணாடிப் பெட்டியை நானேதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியதில் பெரிய பாய்மரம் மேல்பக்கம் விரிசல் விட்டுச் சாய்ந்துவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடுங்கிவிட்டுப் புது மரம் வைக்க வேண்டுமானால் அதில் கட்டியிருந்த நூற்றுக்கணக்கான நூல்களையும் அறுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஜூன் 14 நினைவுக்கு வந்தது. தீக்குச்சியை நீளவாக்கில் நாலாகப் பிளந்து, விரிசலைச் சுற்றிப் பத்தையாக வைத்து, மெழுகு தேய்த்த நூலால் நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவினேன். மூன்று வருடமாக அசையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, அசலிலும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று நெஞ்சறிந்து சொல்ல முடிகிறது.

இந்தப் பெட்டியின் பெரிய குறை மரத்தில் இல்லை, கையேட்டில் இருக்கிறது. நாற்பது பக்கம். மக்கே பெயர் வருகிறது, கேப்டன் பெயர் வருகிறது. வழி கண்டுபிடித்தவர் பெயர் இல்லை. அவர் எலினோர் கிரீஸி, கேப்டனின் மனைவி. மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் ஊர்க்காரர். கப்பல் கேப்டனான அப்பாவிடம் சிறுவயதிலேயே வானத்தைப் பார்த்து இடம் கணக்கிடக் கற்றுக்கொண்டவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு கடலிலேயே வாழ்ந்தார். கட்டளை அவருடையது, கணக்கு இவருடையது. அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மௌரி அப்போது ஒரு புதிய வேலை செய்துகொண்டிருந்தார். கேப்டன்களிடமிருந்து நாட்குறிப்புகளை வாங்கி, எந்த மாதம் எந்த இடத்தில் என்ன காற்று, என்ன நீரோட்டம் என்று தொகுத்து வரைபடமாகப் போட்டார். பிரேசிலின் சாவ் ரோக் முனையில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் பழைய கேப்டன்கள் ஆப்பிரிக்கப் பக்கம் வெகுதூரம் ஒதுங்கிப் போய், காற்றில்லாத பகுதியில் நாள்கணக்கில் கிடப்பார்கள். அவ்வளவு ஒதுங்கத் தேவையில்லை என்று மௌரியின் வரைபடம் காட்டியது. எலினோர் அதை நம்பிக் கப்பலை நடத்தினார். கேப் ஹார்ன் பக்கம் சூரியனும் நட்சத்திரமும் தெரியாத நாள்களில் வேகத்தையும் திசையையும் வைத்தே இருக்கும் இடத்தைக் கணக்குப் போட வேண்டும். ஒரு தப்பு என்றால் பாறை.

என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. கையேட்டைப் புரட்டிவிட்டு, “அந்த அம்மா பேரு இதுல எங்கப்பா இருக்கு?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளே ஒரு சிறிய பித்தளைத் தகட்டில் இரண்டு பெயரையும் எழுதிப் பீடத்தில் ஒட்டினாள். கூடவே சுவரில் உலக வரைபடம் மாட்டி, நாட்குறிப்பிலிருந்து நான் சொல்லச் சொல்லக் குண்டூசி குத்தினாள். ஜூலை 12-இன் ஊசி முந்தின நாள் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஜூலை 31-க்குப் பக்கத்தில் ஒரு விரல் நகம் நுழையும் இடைவெளி.

1854-இல் அதே தம்பதி, அதே கப்பல், 89 நாள் 8 மணி நேரம். சொந்தச் சாதனையைத் தாங்களே பதின்மூன்று மணி நேரம் குறைத்தார்கள். 1860-இல் வந்த ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ என்ற கப்பல் 89 நாள் 4 மணி நேரத்தில் வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டி ஏறும் இடம் வரைக்குமான கணக்கு. நங்கூரம் தூக்கியதிலிருந்து நங்கூரம் போட்டது வரை என்றால் ஃப்ளையிங் கிளவுடுதான் முன்னால், நான் அந்தப் பக்கம்தான். 1989-இல் ‘தர்ஸ்டேஸ் சைல்ட்’ என்ற நவீனப் பாய்ப்படகு 80 நாள் 20 மணி நேரத்தில் போய் அதை முறியடித்தது. 135 வருடம் நின்ற சாதனை.

கப்பலின் பிற்காலம் வருத்தமானது. பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு மாறி, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுபவர்களை ஏற்றி, கடைசியில் மரம் சுமந்தது. 1874-இல் கனடாவின் செயின்ட் ஜான் துறைமுகத்துக்கு வெளியே மணல்திட்டில் தட்டியது. அடுத்த வருடம் அதிலிருந்த செம்புக்கும் உலோகத்துக்கும் ஆசைப்பட்டு எரித்துவிட்டார்கள்.

வாங்கலாமா என்றால், பொறுமை இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு வேண்டாம். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றில் கை பழகிவிட்டு வாருங்கள். வெளியடுக்குப் பட்டையைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரும் பருத்தி நூல் நம் ஈரக்காற்றுக்கு ஆகாது, மழைக்காலத்தில் இறுகிக் கோடையில் தொய்கிறது. பாலியெஸ்டர் நூலில் தேன்மெழுகு தேய்த்துக் கட்டினால் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள், கயிறுகளில் படியும் தூசியைத் துடைக்க வழியே இல்லை.

எனக்கு இன்னும் பின் பாய்மரத்தில் பழைய நூல்தான். மழை ஓயட்டும், மார்கழி முடிவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும். இரண்டு உருண்டை வாங்கி மெழுகு தேய்த்துத் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன்.