அரை ஷட்டரும் ஒரு சி.ஆர். கொப்பியும்: கொமியூனிகேஷன் கடையில் சில வருட அனுபவம்

நேர முகாமைத்துவம் சொல்லித் தருகிறவர்களில் பலர் ஒருநாளும் கடை வைத்திருக்க மாட்டார்கள். பேச்சிலேயே தெரிந்துவிடும். 'கதவைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்' என்பார்கள். கதவைச் சாத்தினால் அது என்ன கடை?

நான் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோக் கொப்பி, லேமினேட், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், தமிழ் டைப்செட்டிங், கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் உண்டு. 2022இலிருந்து இந்தக் கடைக்குள் பாவித்துப் பார்த்த முறைகளையும் ஆப்களையும் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு கிழமை பாவித்துவிட்டு 'சூப்பர்' என்று நட்சத்திரம் போடுகிற விமர்சனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எது இன்னும் மேசையில் இருக்கிறது, எது போனிலிருந்து அழிந்தது என்பதுதான் என் கணக்கு.

இந்த மாதிரிக் கடையில் ஆள் நிற்காத நேரம் குறைவு. பிரதேச செயலகத்துக்கு வந்தவர்கள், ஆதார வைத்தியசாலைக்கு வந்தவர்கள், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டிருப்புப் பாலம் தாண்டி வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் அடையாள அட்டைக் கொப்பி வேண்டும், அதுவும் கையோடு வேண்டும். இரவு மூடும்போது கால் உளையும். இன்றைக்கு என்ன முடித்தாய் என்று யாராவது கேட்டால் பதில் வராது. கடை வாடகையையும் மெஷினுக்கான லீசிங்கையும் கட்டுவது இந்தச் சில்லறை இல்லை. ஒரு கோயில் நோட்டீஸ், ஒரு பாடசாலை மலர், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் ஒரு கட்டு, இவைதான் மாதத்தைத் தூக்கி நிறுத்தும். அவையோ கணனிக்குள் பாதியில் கிடக்கும்.

இதை எனக்குப் பளிச்சென்று காட்டியது பொருளாதார நெருக்கடியில் வந்த 2022 மின்வெட்டு. அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. ஏ, பி, சி என்று குழு பிரித்து, எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே அட்டவணை போடுவார்கள். எரிபொருள் வரிசையில் நின்று களைத்த காலம் என்பதால் ஜெனரேட்டர் பற்றிய பேச்சே இல்லை. கரண்ட் இருக்கிற நேரம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் கை தானாகத் தெரிவு செய்தது. முதலில் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நோட்டீஸ், அடுத்து வினாத்தாள், மிச்ச நேரத்தில்தான் கொப்பி. காத்திருந்த சனமும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே நிலைமைதானே.

2023 பெப்ரவரியில் நாளாந்த மின்வெட்டு நின்றது. அதன் பிறகு நாள் முழுக்கக் கரண்ட் இருந்தும் அதே அளவு நோட்டீஸ் நாட்கணக்கில் இழுபட்டது. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1955இல் அரச அலுவலகங்களைக் கிண்டல் பண்ணி எழுதிய விதி ஒன்று உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் அது விரிந்து கொடுக்கும் என்பது அதன் சாரம். அவர் களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்திருந்தால் கொமியூனிகேஷன் கடைகளையும் சேர்த்திருப்பார். சரி, மின்வெட்டு இல்லாமலே மின்வெட்டு நாளின் ஒழுங்கைக் கொண்டுவர முடியுமா? அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது.

முதலில் பாவித்தது பொமொடோரோ. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தொடங்கிய முறை. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. அதில் ஒரு கடுமையான சட்டம் இருக்கிறது. இடையில் குழம்பினால் அந்தச் சுற்று செல்லாது, புதிதாகத் தொடங்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு இதைச் செய்து பாருங்கள். 'பிள்ளை, ரெண்டே ரெண்டு கொப்பிதானே' என்று ஒரு ஐயா வந்தால் சுற்று போச்சு. அவரை அனுப்பித் திரும்புவதற்குள் ரீலோட்டுக்கு ஒரு பொடியன் நிற்பான். செல்லாத சுற்றுகளை எண்ணி மனம் வெறுத்ததுதான் மிச்சம். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து டைப் பண்ணுகிற வேலைக்கு மட்டும், அதுவும் கடை மூடிய பிறகு வீட்டில், இன்றும் பாவிக்கிறேன். கழுத்தும் கண்ணும் தப்புகின்றன.

அப்புறம் நாலு பெட்டி. அவசரம், முக்கியம் என்று இரண்டு கோடு கிழித்து வேலைகளைப் பிரிப்பது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவரின் பெயரில் ஓடுகிறது. அவசரமானது பெரும்பாலும் முக்கியமாக இருக்காது, முக்கியமானது பெரும்பாலும் அவசரப்படுத்தாது என்ற கருத்தை அவர் 1954இல் ஒரு உரையில் சொன்னார், அதையும் இன்னொருவர் சொன்னதாகத்தான் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. என் கடையில் இது கண்ணீர் அஞ்சலியில் போய் முட்டியது.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆள் வந்துவிடும். படம் பெரும்பாலும் அடையாள அட்டையைப் போனில் பிடித்ததாக இருக்கும், அல்லது ஏதோ கலியாண வீட்டுக் குரூப் போட்டோவின் மூலையில் நிற்பதாக இருக்கும். வெட்டி எடுத்து, பின்னணி மாற்றி, பெயர், ஊர், பிறப்பு, மறைவு, கிரியை நேரம் எல்லாம் போட வேண்டும். அதன் பிறகுதான் சங்கதியே தொடங்கும். மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று வரிசை போகும். அதில் ஒரு மருமகன் பெயர் விடுபட்டால் எட்டு வீட்டில் சண்டை வரும், அந்தச் சண்டை திரும்பி என் கடை வாசலுக்கும் வரும். வெளிநாட்டில் இருக்கிற மகன் வட்ஸ்அப்பில் பெயர் அனுப்புவார், உள்ளூர் அண்ணன் துண்டுக் கடதாசியில் எழுதித் தருவார், இரண்டும் பொருந்தாது.

இதை எந்தப் பெட்டியில் போடுவது? அவசரம், முக்கியம், இரண்டும்தான். அதைவிட, அழுத கண்ணோடு நிற்கிறவரிடம் 'நாளைக்கு வாங்கோ' என்று சொல்கிற பெட்டி எதுவும் இல்லை. ஆனால் நாலு பெட்டிக் கடதாசி ஒரு நன்மை செய்தது. கிழமைக்குக் கிழமை அந்தப் பெட்டியை நிரப்புவது ஒரே வகை வேலைதான் என்று கண்டுபிடித்தேன். அடிக்கடி வருகிற அவசரத்துக்கு முதலே ஆயத்தம் செய்யலாம். ஆறுதலான ஒரு மத்தியானத்தில் குந்தி, சைவம், கிறிஸ்தவம் என்று தனித்தனி மாதிரிகள், உறவுமுறை வரிசை ஏற்கனவே போட்டது, பெயரை மட்டும் நிரப்பினால் போதும் என்கிற மாதிரி செய்து வைத்தேன். கூடவே ஒரு அச்சடித்த படிவம். குடும்பத்தில் ஒருவர்தான் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அரை நாளைத் தின்ற வேலை இப்போது ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் முடிகிறது. நாலு பெட்டியை நான் இப்போது வரைவதில்லை. அது கொடுத்த இந்த ஒன்றுக்காக அதற்கு நல்ல மதிப்பெண்.

ட்ரெல்லோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டைகளை 'செய்யவேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று நகர்த்துகிற பலகை. அழகாக இருக்கும். அட்டைக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிடும். இலவசப் பாவனையே எனக்குத் தாராளம், ஆனால் கடையில் நிற்கிற தங்கச்சி அதைத் திறந்தே பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கவுண்டரில் ஓடுகிறவளுக்கு இன்னொரு ஸ்கிரீன் எதற்கு?

உண்மையில் பெரிய மாற்றம் கொடுத்த ஆப் வட்ஸ்அப் பிசினஸ். நேரத்தைத் தின்னுகிறதும் அதுவே. சாதாரண வட்ஸ்அப்பில் சொந்தக்காரரின் காலை வணக்கமும் அதிபர் அனுப்பிய வினாத்தாளும் ஒரே வரிசையில் கிடக்கும். பிசினஸில் லேபல் போடலாம். நான் மூன்றே லேபல் வைத்திருக்கிறேன்: பிழை திருத்தம் வரவேண்டும், அச்சுக்குப் போகலாம், காசு பாக்கி. காலையில் நடுவில் உள்ளதை மட்டும் பார்ப்பேன். அடுத்தது விரைவுப் பதில். கலியாணக் கார்ட் விலை, என்னென்ன விபரம் அனுப்ப வேண்டும், வங்கிக் கணக்கு, எல்லாம் ஒருமுறை எழுதி வைத்தால் சாய்கோடு போட்டு ஒரு சொல் தட்டினால் முழுதும் வந்து விழும். ஒரே விலையைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணியதெல்லாம் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம் பாருங்கள்.

ஒரு குறை. பிழை திருத்த வேண்டிய பிரதியை அனுப்பியதும் நீல டிக் வருகிறதா என்று பார்க்கிற பழக்கம். இப்போது மாதிரிப் பிரதிகளை ஒரு நாளைக்கு இரண்டு நேரம்தான் அனுப்புகிறேன், காலையில் ஒன்று, கடை மூட முதல் ஒன்று. 'உடன அனுப்புங்கோ' என்கிறவர்களுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டார்கள். நேரம் தெரிந்திருப்பதால் அவர்களும் திருத்தங்களைச் சேர்த்து ஒரேயடியாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக ஒவ்வொரு மெசேஜ் வருவது குறைந்தது.

இனி முக்கியமான இரண்டு. முதலாவது அரை ஷட்டர். இணையத்தில் எல்லாரும் விடிய ஐந்து மணிக்கு எழும்பச் சொல்கிறார்கள். எனக்கு ஐந்து மணிக்கு இடியப்பம் அவிக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கணனிக்கு முன்னால் குந்தினால் அம்மா குசினியிலிருந்து, 'என்ன மனே, இது வீடா ஒபிஸா?' என்பார். எனவே நான் எடுத்தது மத்தியானம் ஒன்றரை முதல் மூன்றரை. எங்கள் பக்கத்து வெயிலுக்கு அந்த நேரம் ரோட்டில் நாய்கூட நடக்காது. ஷட்டரை அரைவாசிக்கு இறக்கி, '3.30க்குத் திறக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டு, போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவேன். ஆரம்பத்தில் குனிந்து எட்டிப் பார்த்து, 'உள்ளதானே பிள்ளை இரிக்கிறாய்?' என்றவர்கள் பலர். தங்கச்சிதான் பதில் சொல்வாள், 'அக்கா வேலையில இரிக்கா, மூன்றரைக்கு வாங்கோ'. சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். போனது பெரும்பாலும் கொப்பி எடுக்கிறவர்கள். நோட்டீஸ்காரர் யாரும் போகவில்லை. அதுவே எனக்குப் போதுமான விடை.

அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் என்ன செய்வது என்பதை அப்போது யோசித்தால் பாதி நேரம் போய்விடும். அதற்குத்தான் சி.ஆர். கொப்பி, அதாவது கெட்டி மட்டைக் குறிப்புப் புத்தகம். முதல் நாள் இரவு கடை மூடும்போது ஒரே ஒரு வரி எழுதுவேன். 'நோட்டீஸ் வேலை' என்று எழுதினால் பயனில்லை, எங்கே முடிகிறது என்று தெரியாது. 'அம்மன் கோயில் குளிர்த்தி நோட்டீஸ்: உபயகாரர் பெயர் சரிபார்த்து கல்முனைக்கு ஃபைல் போக வேண்டும்' என்று எழுதினால் முடிவு கண்ணுக்குத் தெரியும். கல்முனை அச்சகத்து நானாவிடமும் முதலே சொல்லிவிடுவேன், 'நானா, நாளைக்கு நாலு மணிக்கு முதல் ஃபைல் வரும், பிளேட்டுக்கு இடம் வையுங்க' என்று. சொன்ன பிறகு அனுப்பாமல் இருக்க வெட்கமாக இருக்கும்.

வரிக்குக் கீழே இன்னொரு சின்ன வரியும் உண்டு: எங்கே விட்டேன் என்பது. சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது இது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே நிற்கும். 2018இல் தெரேசா குளோம்ப் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், விட்ட இடத்தையும் திரும்பி வந்து செய்யப்போவதையும் சுருக்கமாகக் குறித்து வைத்தால் அந்த இழுவை குறைகிறது என்று கண்டார்கள். எங்கள் தொழிலில் இது மிகவும் உண்மை. பாடசாலைகளிலிருந்து வருகிறது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், போனில் வருகிறது இப்போது எங்கும் ஓடுகிற யூனிகோடில். மாற்றும்போது 'கௌரி' என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் வந்து உட்காரும். பார்த்தால் ஒரே மாதிரி, தேடினால் கிடைக்காது. 'பக்கம் 14 வரை ஔ பார்த்தாச்சு' என்று எழுதி வைக்காமல் எழும்பினால் அடுத்த நாள் முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இது எல்லா நாளும் ஓடுவதில்லை. அரச விண்ணப்பங்களின் கடைசித் திகதி, பரீட்சை முடிவு வருகிற நாள், இவற்றில் ஷட்டரை இறக்கினால் ஊர் மன்னிக்காது. அந்த நாட்களில் கொப்பியில் வரி எழுதுவதே இல்லை. தனியாளாகக் கடை நடத்துகிறவர்களுக்கும் அரை ஷட்டரைச் சிபாரிசு பண்ணத் தயக்கம்தான், போனைப் பிடிக்க ஒருவர் இல்லாமல் இது நிற்காது. தங்கச்சிக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் இந்த ஒழுங்கே வந்தது. நோட்டீஸ்கள் நேரத்துக்குப் போவதால் அந்தக் காசு தாராளமாகத் திரும்பி வருகிறது.

கொப்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். திகதி அடித்த டயறி வாங்க வேண்டாம். எழுதாத நாட்கள் வெள்ளையாகக் கிடந்து முறைத்துப் பார்க்கும். கோடு போட்ட, கெட்டி மட்டை சி.ஆர். கொப்பி எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். வினாத்தாள்களுக்கு இன்னொரு கொப்பி போடலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன், தவணைப் பரீட்சை நெருங்கும்போது ஒரு வரி போதாமல் வருகிறது. தங்கச்சி வேண்டாம் என்கிறாள். வைகாசிச் சடங்குகள் முடிந்ததும் பாவித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.