வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்கள்: பத்தமடையில் இருந்து ஓர் எச்சரிக்கை

பத்தமடையில் எங்களுக்குப் பாய் வியாபாரம், வாப்பா காலத்தில் இருந்து. கோரைப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை வைத்து நெய்யும் கல்யாணப் பாய்க்குத்தான் வெளியூர் ஆர்டர் அதிகம். அந்த ஆர்டரை இணையத்தில் எடுக்கலாம் என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலையை ஒப்படைத்தோம். 38,500 ரூபாய் போனது. இப்போது அந்தத் தளமும் ஓடவில்லை, அதன் முகவரியும் எங்கள் கையில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் சென்டர் பெயரை எழுதவில்லை. என்னென்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே ஆட்கள் சேரன்மகாதேவியிலும் வீரவநல்லூரிலும் கடை கடையாக ஏறி இறங்குவதாகக் கேள்வி.

பணம் மூன்று தவணை. தளம் லைவ் ஆனதும் இரண்டாவது தவணை என்று பேச்சு. ஒருநாள் வந்து என் லேப்டாப்பை வாங்கி ஏதேதோ இன்ஸ்டால் செய்து, பிரவுசரைத் திறந்து காட்டினார்கள். கடைப் பெயர், பாய்ப் படங்கள், விலை எல்லாம் ஜோராக இருந்தது. “லைவ் ஆயிட்டு பாய், உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் பாக்கலாம்” என்று சொல்லித் தவணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார் வந்த தம்பி. சாயங்காலம் துபாயில் இருக்கும் மச்சானுக்குத் திறக்கவில்லை. சென்னைக்காரர்களுக்கும் திறக்கவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று சென்டரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் திரையைப் பார்த்ததுமே, “மாமா, மேல அட்ரஸ்ல லோக்கல்ஹோஸ்ட்னு போட்டிருக்கு பாருங்க. இது உங்க லேப்டாப்புக்குள்ளயேதான் ஓடுது, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது” என்றான்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்டுபிரஸ் மாதிரி மென்பொருளில் கட்டிய தளம் சும்மா ஃபைலைத் திறந்தால் ஓடாது. அதற்கு, கேட்கிறவர்களுக்குப் பக்கங்களை அனுப்பிக் கொடுக்கும் சர்வர் வேண்டும். நம் சொந்தக் கம்ப்யூட்டரையே சர்வர் மாதிரி ஓட வைக்க எக்ஸாம்ப் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பி.எச்.பி. மொழி எல்லாம் ஒரே இன்ஸ்டாலில் வந்துவிடும். ஃபைல்களை எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்றோ 127.0.0.1 என்றோ அடித்தால் தளம் தெரியும். நல்ல கருவிதான். வெளியே விடுவதற்கு முன் பிழை பார்க்க உருப்படியான ஆட்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதைக் காட்டி, உலகமே பார்க்கிறது என்று காசு வாங்கினால் அதற்குப் பெயர் மோசடி. உங்களிடம் யாராவது லைவ் என்று காட்டினால் அவர் எதிரிலேயே வைஃபையை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் ஜம்மென்று திறந்தால் அது உங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இல்லாவிட்டால் மொபைல் டேட்டாவில் அதே முகவரியை அடித்துப் பாருங்கள், போதும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. நடுவில் ஒருநாள் லேப்டாப்பில் தளம் திறக்கவில்லை. விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று தனியாக 1,500 ரூபாய் வாங்கினார்கள். விஷயம் என்னவென்றால், அப்பாச்சிக்கு 80ஆம் எண் போர்ட் வேண்டும், போர்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் தகவல் வந்துபோகும் வாசல் மாதிரி. அதை வேறொரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தால் அப்பாச்சி கிளம்பாது. எக்ஸாம்பின் கன்ட்ரோல் பேனலிலேயே அது சிவப்பில் எழுதிக் காட்டும். அமைப்பில் 80ஐ 8080 என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஃபார்மேட் செய்ததில் போனது பேரன் பேத்திகளின் ஃபோட்டோக்கள்தான்.

பில்லில் ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ என்று 9,000 ரூபாய். எதற்கெல்லாம் லைசென்ஸ் என்று கேட்டால் எக்ஸாம்ப், நோட்பேட் பிளஸ் பிளஸ், ஃபைல்ஜில்லா, வேர்டுபிரஸ் என்று பட்டியல் சொன்னார்கள். நான்கும் இலவசம். நோட்பேட் பிளஸ் பிளஸ் கோடு எழுத, ஃபைல்ஜில்லா நம் கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்கு ஃபைல் ஏற்ற, வேர்டுபிரஸ் 2003இல் இருந்தே யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று கிடக்கிறது. பூட்டுப் படம் வரும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்கு 3,500. அதையும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியில் இருந்து எல்லோருக்கும் சும்மா தருகிறது, தளத்தை வைக்க சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் பல ஹோஸ்டிங் கம்பெனிகளில் ஒரு பட்டனை அமுக்கினால் வந்துவிடும். இன்ஸ்டால் செய்த கூலி, சொல்லிக் கொடுத்த கூலி என்று கேட்டிருந்தால் முகம் கோணாமல் கொடுத்திருப்பேன். உழைப்புக்குக் காசு வாங்குவதில் தப்பே இல்லை. இல்லாத லைசென்ஸுக்கு பில் எழுதியதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, ஒருவழியாகச் சண்டை போட்டு நிஜமாகவே தளத்தை ஏற்ற வைத்தோம். அப்புறம்தான் தமிழ் வேலையின் லட்சணம் தெரிந்தது. எங்கள் பழைய நோட்டீஸை அடித்த டிடிபி ஃபைலில் இருந்து எழுத்தை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டியிருந்தார்கள். அது பாமினி ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற இடங்களில் இன்றைக்கும் புழங்குகிற பழைய முறை. அந்த ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், மற்ற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே பாமினியில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். சென்டர் கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது, ஊர் உலகத்தில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. கூகுளில் பத்தமடைப் பாய் என்று தேடினாலும் நாங்கள் எப்படி வருவோம்? பக்கத்தில் அந்தச் சொல்லே இல்லையே.

தமிழ் தளம் வேண்டுமென்றால், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு எழுத்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஃபான்டில் இருப்பதை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர், அழகி மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறி நிற்கும்.

அதைச் சரி செய்ததும் ஆர்டர் படிவத்தில் விழுந்தோம். கல்யாணப் பாய்க்கு ஒரு ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை பெயர் என்ற இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. பெண் பெயரும் கேள்விக்குறி. தேதியும் போன் நம்பரும் மட்டும் ஒழுங்காக இருந்தன. பெயர் தெரியாமல் தறியில் எதை வைத்து நெய்வது? கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் பிள்ளை பெயர் என்ன என்று கேட்டோம். முன்பணம் கட்டியவர்கள் என்ன நினைப்பார்கள்! அடுத்தடுத்து வந்ததும் அப்படியே.

காரணத்தை அக்கா மகன்தான் தோண்டி எடுத்தான். வேர்டுபிரஸ் தானாக அமைக்கிற அட்டவணைகளில் தமிழுக்குச் சிக்கல் வராது. ஆனால் இந்தப் படிவத்தை சென்டரில் படிக்கும் மாணவன் யாரோ தனியாக எழுதியிருக்கிறான். தரவுத்தள அட்டவணையை லேட்டின்1, ஸ்வீடிஷ் வரிசை என்ற பழைய அமைப்பில் விட்டிருக்கிறான். மரியாடிபிக்கு மூலமான மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ரொம்ப காலம் அதுதான் தானாக வரும் அமைப்பு. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் மாற்றினார்கள். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, வருகிற ஒவ்வோர் எழுத்தையும் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிடும். அப்படிச் சேமித்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அசல் எழுத்து அங்கே இல்லவே இல்லை. அட்டவணையை யூனிகோடு எழுத்தை ஏற்கிற யுடிஎஃப்8எம்பி4 என்று அமைத்திருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. இதை லேப்டாப்பில் இருக்கும்போதே பார்த்திருக்கலாம். படிவத்தில் ஒரு தமிழ்ப் பெயரை அடித்து அனுப்பி, தரவுத்தளத்துக்குள் பார்க்க எக்ஸாம்போடு வருகிற பிஎச்பிமைஅட்மினைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. காசு வாங்கியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

தளத்தின் தோற்றத்தை அமைக்கிற தீம் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலைக்கு விற்கிற தீமின் திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டு, அசலுக்கான காசை எங்களிடம் வாங்கியிருந்தார்கள். இப்படிச் சும்மா சுற்றுகிற பிரதிகளில் பின்வாசல் கோடு ஒட்டிக்கொண்டு வரும். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. எங்கள் தளத்தை மொபைலில் கூகுள் வழியாகத் திறந்தவர்களுக்கு சூதாட்டப் பக்கம் வந்தது. உள்ளே லாகின் செய்து பார்க்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் தெரிந்தது. மற்ற கடைகளின் தளங்களையும் அதே ஹோஸ்டிங் கணக்கில் வைத்திருந்ததால் ஒன்றைத் துடைத்தாலும் பக்கத்தில் இருந்து திரும்ப வந்தது.

போதும், வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம், டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, கொடுங்கள் என்றோம். அதுவரை பாய், பாய் என்று குழைந்தவர்கள் குரல் மாறியது. டொமைன் தங்கள் கணக்கில் இருக்கிறதாம், மாற்றிக் கொடுக்க 15,000 ஆகுமாம். ஹூஇஸ் என்ற பதிவேட்டில் தேடிப் பார்த்தால் பதிவுசெய்தவர் நிறுவனம் என்ற இடத்தில் சென்டர் பெயர்தான் இருந்தது. மனை வாங்கக் காசு கொடுத்தது நாங்கள், பட்டா அவர்கள் பேரில்.

மற்றதெல்லாம் காசு நஷ்டத்தோடு போய்விடும், இது அப்படி இல்லை. டாட்காம் மாதிரி முகவரிகளுக்கு, இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் என்ற அமைப்பு வகுத்த விதி தெளிவாகவே இருக்கிறது: பதிவுசெய்தவர் கேட்டால், வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டை ஐந்து நாளுக்குள் பதிவு நிறுவனம் கொடுத்தாக வேண்டும். புதிதாகப் பதிந்த முதல் 60 நாளில் பொதுவாக மாற்ற முடியாது. ஆனால் அந்த உரிமை பதிவுசெய்தவருக்கு. காசு யார் பாக்கெட்டில் இருந்து வந்தது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பெயரும் எங்கள் மின்னஞ்சலும் பதிந்திருந்தால் ஒரே ஒரு மெயிலில் முடிந்திருக்கும். முகவரித் தகராறுக்கு வைப்போ என்ற உலக அமைப்பில் வழக்காடலாம், அதற்குக் கட்டணமே 1,500 டாலரில் இருந்து தொடங்குகிறது. ட்ரேட்மார்க் உரிமையையும் காட்ட வேண்டும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் கடைப் பெயருக்கு ட்ரேட்மார்க் இல்லை.

ஆகவே, டொமைனை நீங்களே உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். டாட்காம் ஒரு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றில்தான் வரும். தளம் கட்டுகிறவருக்கு வேலை நடக்கும் வரை அனுமதி கொடுத்தால் போதும். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் அது யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே ஹூஇஸில் பாருங்கள், சண்டை வருவதற்கு முன் கேட்டால் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார்கள்.

இப்போது வேறொரு முகவரி எங்கள் பேரிலேயே வாங்கி, தளத்தை லேப்டாப்பில் அக்கா மகனோடு உட்கார்ந்து புதிதாகக் கட்டுகிறோம். பழையதில் இருந்து படங்களையும் எழுத்தையும் மட்டும் எடுத்தோம், தீமைத் தொடவில்லை. இரண்டு இடத்தில் மாட்டினோம். விண்டோஸில் ஃபைல் பெயருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே உண்டு. லேப்டாப்பில் தெரிந்த பாய்ப் படங்களில் பாதி ஏற்றியதும் காணாமல் போயின. ஃபைல் பெயரை எல்லாம் சின்ன எழுத்திலேயே வைத்தால் தப்பிக்கலாம். அப்புறம், தரவுத்தளத்துக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று பதிந்திருப்பதைப் புது முகவரியாக மாற்றும்போது வெறும் எடிட்டரில் தேடி மாற்றாதீர்கள். சில அமைப்புகளில் எழுத்தின் நீளமும் சேர்ந்து பதிந்திருக்கும், முகவரியின் நீளம் மாறினால் அந்த அமைப்பு உடைந்துவிடும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் என்ற இலவச பிளக்இன் நீளத்தையும் சேர்த்தே திருத்திவிடுகிறது. வாரம் ஒருமுறை ஃபைல்களும் தரவுத்தளமும் பென்டிரைவுக்கு வருகின்றன.

புகார் விஷயம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்குப் பின் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று சென்டர்காரர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அதை மனுவில் எழுதியிருக்கிறோம். பில், வாட்ஸ்அப் பேச்சு, லோக்கல்ஹோஸ்ட் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், ஹூஇஸ் பக்கத்தின் பிரிண்ட் எல்லாம் இணைத்தாயிற்று. இவர்களிடம் பில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அந்த பில்லோடு கடைக்கு வாருங்கள், எங்கள் மனுவின் நகலைத் தருகிறேன்.