வேலூரில் இரண்டு நாள் தங்க: காந்தி ரோடா, காட்பாடியா?

சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காலை ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) என்றால் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்கள்தான். நடந்தே போய்விடலாம், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து சாப்பிட்டு, ரிசல்ட்டுக்குத் திரும்பவும் போகலாம். நோயாளியோடு வருபவருக்கு இது பெரிய உதவி. வங்காளம், வடகிழக்கிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் அதிகம் என்பதால் சமைக்க வசதியுள்ள அறைகளும் உண்டு. பத்தியச் சாப்பாடு வேண்டியவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள்.

குறை, அறைகள் நெருக்கம். உள்பக்க அறையின் ஜன்னல் அடுத்த கட்டடச் சுவரைப் பார்த்திருக்கும். காற்று வராது, மே மாத வேலூர் வெயிலில் ஃபேன் மட்டும் போதாது. பணம் கட்டும் முன் அறையைப் பாருங்கள்: குழாயைத் திறந்து தண்ணீர் வேகம், லிஃப்ட் ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா. மூட்டு வலிக்காரருக்குக் கடைசி இரண்டும் முக்கியம்.

காட்பாடி ஜங்ஷன் பக்கம் நள்ளிரவு ரயிலில் இறங்குபவருக்கும், விடியற்காலை ரயில் பிடிப்பவருக்கும் சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பாலாற்றுப் பாலம் தாண்டி வர வேண்டும். காலை நெரிசலில் வழியிலுள்ள கிரீன் சர்க்கிள் சந்திப்பில் மாட்டினால் அப்பாயின்ட்மென்ட் நேரம் தவறும்.

இரண்டு இடத்திலும் செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணியா என்று கேளுங்கள். இரவு 11 மணிக்கு வந்தவருக்கு 12 மணிக் கணக்கில் அரை நாள் வாடகை வீண். கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்க்க வருபவர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே தங்கலாம்.