பல்கனி அறையா, உள் அறையா?

கிளிநொச்சிக்குத் திரும்பியதிலிருந்து அயலட்டையில் எல்லாரும் கேட்பது இதைத்தான். ரொறன்ரோ அக்கா ஒக்டோபர் தொடக்கத்தில் எங்களைக் கியூபெக்கிலிருந்து பொஸ்டன் போகும் கப்பலில் கூட்டிப்போனார். அவரும் அத்தானும் உள் அறை; அம்மாவுக்கும் எனக்கும் பல்கனி.

உள் அறைக்கு யன்னலே இல்லை. விலை குறைவு, விளக்கை நூர்த்தால் நல்ல நித்திரை. மேல்தளத்தில் திரிகிறவர்களுக்கு அது போதும்.

ஆனால் சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் மேப்பிள் காடு சிவந்து கிடந்த அந்தக் காலமை! அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, பிளேன்ரீக் கோப்பையில் கையைச் சூடாக்கியபடி கதிரையை விட்டு எழும்பவேயில்லை. “காடு முழுக்க முள்முருக்கு பூத்தமாதிரிக் கிடக்கு, பிள்ளை” என்றார்.

கலிபக்ஸ் துறைமுகம் தாண்டிக் காற்று பிடித்ததும் பல்கனிக் கதவைப் பூட்டிவிட்டோம். சரி, அது ஒரு நாள்தான். முழங்கால் நோவுள்ள பெற்றோரோடு போகிறீர்களென்றால் பல்கனியே எடுங்கள்.