கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பறவைப் புத்தகம்

குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடும் செயலி செல்போனில் இருக்கும்போது பறவை ஆய்வாளர் சலீம் அலியின் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ எதற்கு என்று என் தோழி கேட்டாள். வாங்கு, பழைய பிரதி கிடைத்தாலும் விடாதே என்றுதான் சொன்னேன். ஆனால் தமிழ் பேசுகிற வீட்டுக்கு அது ஒன்று மட்டும் போதாது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கிய பழைய பதிப்பு. அட்டை தேய்ந்திருந்தது, முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் பறவைக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள், அதற்காகவே வாங்கினேன். வாங்கி இரண்டு வருஷம் அலமாரியில்தான் கிடந்தது. அப்புறம் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து எங்களோடு இருக்க செம்பூருக்கு வந்தார். இந்தி வராது, மராத்தி வராது, பகல் முழுக்க பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மார்ச் மாதத்தில் ஒருநாள், “ஏம்மா, பக்கத்துல எவனோ காலையில இருந்து பாத்திரம் தட்டுதான், ஓயவே மாட்டேங்கான்” என்றார்.

காது கொடுத்துக் கேட்டேன். டுக், டுக், டுக் என்று ஒரே சீராக. அப்போதுதான் புத்தகத்தை எடுத்தேன். செம்புக் கொல்லர் என்று ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய பறவை அது, காப்பர்ஸ்மித். தமிழில் செம்மார்புக் குக்குறுவான். புல் பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டையில் மஞ்சள், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கள் வளாகத்து அரச மரத்தில் தேடினோம். இலைக்குள் தேடித் தேடிக் கண்ணுக்கு எட்டவில்லை, கடைசியில் பார்த்தால் உச்சியில் பட்டுப்போன ஒரு கொம்பின் நுனியில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. அலகைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு டுக்குக்கும் தொண்டை மட்டும் குமிழ் மாதிரி உப்பி அடங்குகிறது, தலையை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே கூப்பிடுவதால் சத்தம் இடம் மாறி மாறி வருகிற மாதிரி நமக்குத் தோன்றுகிறது. அப்பா அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம் பறவையின் அளவைச் சொல்கிற முறைதான். சென்டிமீட்டர் கணக்கெல்லாம் மரத்தின் உச்சியில் இருக்கும் பறவைக்கு உதவாது. சலீம் அலி நமக்கு ஏற்கெனவே தெரிந்த பறவையிலிருந்து தொடங்குகிறார்: சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம், பருந்து. புதிதாகப் பார்ப்பது மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அவ்வளவுதான் முதல் கேள்வி. அடுத்து எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது, எங்கே இருக்கும், என்ன தின்னும், எப்படிக் கூப்பிடும், கூடு எங்கே என்று சின்னச் சின்னப் பத்திகள். ஆள்காட்டிக் குருவி ‘டிட் ஹீ டூ இட்’ என்று கேட்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினால், ஆங்கிலம் அதிகம் தெரியாத அப்பாவுக்கே அந்த மெட்டு உடனே பிடிபட்டுவிட்டது.

1941இல் இந்த மும்பையில் வந்த புத்தகம் இது. சலீம் அலியும் இந்த ஊர்க்காரர், 1896இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போது சுட்டு வீழ்த்திய ஒரு குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததால், அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 1985இல் வந்த அவர் சுயசரிதையின் தலைப்பிலேயே அந்தக் குருவி இருக்கிறது. அதையும் படிக்கலாம், ஆனால் முதலில் பறவைப் புத்தகம்.

பிப்ரவரியில் அப்பாவை மும்பைக் கடலோரத்து சிவ்டிக்குக் கூட்டிப்போனேன். சேற்றில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள். பார்த்ததும் “செங்கால் நாரை” என்றார். அந்தக் காலத்துப் பள்ளிப் பாடம், சத்திமுத்தப் புலவர். புத்தகத்தில் இரண்டு படத்தையும் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார், “பனங்கிழங்கைப் பொளந்த மாதிரி மூக்குன்னுல்லா புலவர் சொல்லுதாரு. பனங்கிழங்கு நேரா இருக்கும், இது பாதியில மடங்கிக் கெடக்கு. அப்ப இது வேற.” சரியாகச் சொல்லிவிட்டார். பூநாரையின் அலகு நடுவில் மடங்கியது, தலையைக் கவிழ்த்து சேற்று நீரை அரித்துத் தின்பதற்கு வாகானது. பிளந்த பனங்கிழங்கு மாதிரி நேராகச் சிவந்திருப்பது செங்கால் நாரையின் அலகு. நல்ல பறவைப் புத்தகம் செய்கிற வேலையைப் புலவர் ஒரே உவமையில் செய்து வைத்திருக்கிறார், எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

இனி குறை. தமிழ்ப் பெயர் இல்லை. ஒவ்வொரு பறவைக்கும் அப்பா கேட்கிற முதல் கேள்வியே “இதுக்கு நம்மூர்ல என்ன பேரு” என்பதுதான். அதற்காக க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ புத்தகத்தை இணையத்தில் வாங்கினேன். முதலில் அனுப்பியவர் பாதிப் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போன பிரதியை அனுப்பினார், திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, வேறு இடத்தில் இரண்டாவது முறை பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மும்பையில் தமிழ்ப் புத்தகம் வாங்குவது இன்னமும் இவ்வளவு சிரமம், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்களுக்கு முழுசாகிறது.

படிப்பதற்கு என்றால் மா. கிருஷ்ணன். ‘மழைக்காலமும் குயிலோசையும்’, சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது, காலச்சுவடு வெளியீடு. கிருஷ்ணன் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஆங்கிலத்தில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் இப்படி எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. பாடப்புத்தகத் தமிழ் இல்லை, நேரில் பார்த்த ஆள் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தமிழ். தினமும் இரவு அப்பாவுக்கு ஒரு கட்டுரை வாசித்துக் காட்டுகிறேன்.

சலீம் அலியின் பழைய பதிப்பில் ஒரு இடம் மனதைப் பிசைந்தது. பிணந்தின்னிக் கழுகை எங்கும் சாதாரணமாகக் காணக்கூடியது என்று எழுதியிருக்கிறார். எழுதியபோது அது உண்மை. 1990களில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் உடம்பு வழியாகக் கழுகுக்குப் போய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. செத்த மாட்டைச் சுற்றி ஆற்றங்கரையில் அவை கூட்டமாக உட்கார்ந்திருந்ததை அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இதற்குப் பழைய தமிழ்ச் சொல் பாறு என்று சொன்னேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘பாறு’ என்று எழுதிவைத்தார்.

வாங்குபவர்களுக்கு: பழைய பதிப்பில் பல ஆங்கிலப் பெயர்கள் இப்போது மாறிவிட்டன, பறவை இருக்கும் இடங்களும் மாறியிருக்கும். பிள்ளைகளுக்கு என்றால் 500க்கும் மேற்பட்ட பறவைகள் உள்ள பிந்தைய பதிப்பையே வாங்குங்கள். பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிகிற கனம்தான். நீங்கள் பார்த்த பறவையின் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரை எழுத ஒரு பென்சிலையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இதுவரை 41 எழுதியிருக்கிறார், அதில் நான்கு பெயர் ரத்னத்தின் புத்தகத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.