ஆர்.எக்ஸ் 100 வைத்திருப்பவர்களே, கார்ப் வேலைக்கு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய யமஹா வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. என்னிடம் பில் இல்லை, அதனால் தைரியமும் இல்லை.

வண்டி என் சித்தப்பாவுடையது. 1989 மாடல். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, தோப்புக்கும் மண்டிக்கும் அதிலேயே அலைந்தவர். அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. கார்ப், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர், ஜப்பான் மிக்குனி கம்பெனியுடையது. அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் ஸ்க்ரூ ஒன்று எப்போதோ தொலைந்து, அதற்குப் பதில் சித்தப்பா ஒரு பித்தளை ஸ்க்ரூவைப் போட்டிருந்தார். தலையில் ஒரு பக்கம் காடி பிய்ந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் மூன்று மாதம் வண்டியை எடுக்கவே இல்லை. டேங்கில் பாதி பெட்ரோல். அப்புறம் எடுத்தால், சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் ஆஃப். ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், சிக்னலில் நின்றால் செத்துவிடும். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பெட்ரோல் பல மாதம் தேங்கினால் காய்ந்து பிசினாகும். ஸ்லோ ஓட்டத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் ஓட்டை முடி நுழையும் அளவுதான், முதலில் அடைபடுவது அதுதான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்களுக்கும் ஆகாது. ஆக, கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, காற்று பிடித்து மாட்டினால் முடிகிற வேலை.

ஆனால் நான் என்ன செய்தேன்? கிருஷ்ணகிரியில் ரவுண்டானா பக்கம் 'டூ ஸ்ட்ரோக் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பையன் ஜெட்டைக் கழற்றி, கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையைப் பிய்த்து, அந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தான். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு சிரத்தையாக. நானும் 'வேலைக்காரன்' என்று மெச்சிக்கொண்டேன். பித்தளை மிருதுவான உலோகம், ஜெட் என்பது அளவு வைத்துத் துளைத்த ஓட்டை. கம்பி போனால் அளவு போச்சு. 350 ரூபாய் வாங்கினார்கள்.

இரண்டே நாளில் ஸ்லோவில் புகை, பிளக் கரிக்கட்டை மாதிரி கருப்பு. திரும்பப் போனேன். ஓனர் வந்து கார்புக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடை விரலால் ஆட்டிக் காட்டினார். "பாருங்கண்ணா, பாடியே தேஞ்சு போச்சு. இனிமே இதை என்ன பண்ணாலும் நிக்காது. புதுசு போட்டுடலாம்." 4,200 ரூபாய். சாயங்காலம் வாங்க என்றார். நான் டீ குடித்து, மார்க்கெட் போய், ஒரு கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். புது கார்ப் பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட் ஆனது. பழையதைக் கேட்கவே தோன்றவில்லை. தேய்ந்து போனதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று விட்டுவிட்டேன்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

புது கார்பில் ஸ்லோ தானாக ஏறி ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் உடனே அடங்காது. "செட் ஆக நூறு கிலோமீட்டர் ஓடணும்ணா" என்றார்கள். சரி என்று அடுத்த ஞாயிறு நண்பனை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போனேன். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. மீன் சாப்பிட்டுத் திரும்பி, பென்னாகரம் மேடு ஏறும்போது இன்ஜினிலிருந்து சில்லறையைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். இழுவை குறைந்தது. நான் இன்னும் முறுக்கினேன். 'க்ரீச்' என்று பின் சக்கரம் பிடித்துக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தோம். பிஸ்டன் ஜாம்.

கடைக்குப் போன் போட்டால், "ஆயில் ஊத்தாம ஓட்டியிருப்பீங்க" என்று பதில். ஆயில் டேங்கில் முக்கால் இருந்தது.

வண்டியை டாடா ஏஸில் ஏற்றி, பாலக்கோட்டில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். போர்டு கூட இல்லாத பட்டறை. அவர் கார்பைத் தொடவே இல்லை, முதலில் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. "காத்து அதிகம் தம்பி, பெட்ரோல் கம்மி" என்றார். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வருகிற பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, பிஸ்டனைக் குளிர வைப்பதற்கும் அதுவே. இந்த வண்டியில் ஆயிலைப் பம்ப் தனியாகக் கொடுக்கிறது, ஆனால் சூடு எல்லை மீறினால் ஆயில் இருந்தும் பயனில்லை. ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்க வேண்டும். மேட்டில் இரண்டு பேரோடு மெதுவாக ஏறும்போது அந்தக் காற்றும் குறைவு.

அப்புறம் கார்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஜாயின்ட்டைக் கழற்றி, கட்டை விரலால் மடக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம் பிளந்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. சும்மா பார்த்தால் தெரியாது, மடக்கினால்தான் தெரியும். அந்த வழியாகத் திருட்டுக் காற்று போய்க்கொண்டிருந்தால் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருப்பியும் பிரயோஜனமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஜாயின்ட் மேல் டபிள்யூடி-40 ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும், லீக் இருந்தால் இன்ஜின் சத்தம் மாறும் என்றார். கார்பைப் பிரிப்பதற்கு முன் செய்யவேண்டிய அரை நிமிட வேலை. 'ஸ்பெஷலிஸ்ட்' செய்யவில்லை. அதோடு, பளபள கார்ப் டூப்ளிகேட். அதில் வேக ஓட்டத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டை டார்ச் அடித்துப் பார்த்து, இந்த வண்டிக்கு உரியதைவிடச் சின்ன நம்பர், அதாவது சின்ன ஓட்டை என்றார்.

சிலிண்டரின் உள் விட்டம் 50 மில்லிமீட்டர். 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன், அதற்கேற்ப சிலிண்டரைக் கடையும் போரிங், ரப்பர் ஜாயின்ட், காஸ்கட் எல்லாம் சேர்த்து 6,800. அவர் கேட்டது நியாயமான காசு. ஒவ்வொரு பழைய சாமானையும் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து நண்பன் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அனுப்பினான். 'ஜப்பான் ஒரிஜினல் கார்ப், ஆர்.எக்ஸ் 100, 7,500, பேரம் இல்லை.' வாங்குகிற மாதிரி பேசி, அடிப்பக்கம் ஒரு போட்டோ கேட்டேன். உடனே வந்தது. பித்தளை ஸ்க்ரூ. ஒரு பக்கம் பிய்ந்த காடி.

"இது என் வண்டியோடது" என்று மெசேஜ் போட்டேன். இரண்டு நீல டிக். பிளாக்.

கடைக்கு நேரில் போனேன். "பழைய சாமானெல்லாம் அன்னைக்கே காயலான் கடைக்குப் போயிடுச்சுண்ணா, யார் யாரோ விப்பாங்க" என்றார் ஓனர், முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றால் என்னிடம் இருப்பது 'கார்ப் வேலை 4,200' என்று எழுதிய துண்டுச் சீட்டு. கடை முத்திரை கூட இல்லை. வண்டியை விடும்போது கார்பை நாலு பக்கமும் ஒரு போட்டோ எடுத்திருந்தால், தேதியோடு போனில் இருந்திருக்கும்.

இந்த வண்டி தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதனால் ஒரிஜினல் சாமானுக்கு இப்போது தங்க விலை. 'தேஞ்சு போச்சு' என்று சொல்லப்படும் பாதி கார்புகளுக்கு என்ன கதி என்று இப்போது எனக்கு சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஓசூர், பெங்களூரு பக்கம் யாராவது பித்தளை ஸ்க்ரூ வைத்த மிக்குனி வாங்கியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொடுத்த காசைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.